புதுப்பிப்பு: டாம்பருக்குப் பிரெஞ்சில் என்ன?
உணவகச் சமையலறை ஹூடு (அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் கூண்டு) கையேட்டைப் பிரெஞ்சுக்கு மாற்றும்போது டாம்பர் (காற்றுக்குழாயில் காற்றை மட்டுப்படுத்தவோ மறிக்கவோ வைக்கும் தகடு), பாஃபிள் ஃபில்டர் (எண்ணெய் வடிகட்டி), மேக்-அப் ஏர் (வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே விடும் காற்று) மூன்றுக்கும் என்ன போடுவது என்று முன்பு கேட்டிருந்தேனே, ஒருவழியாக முடிவாகிவிட்டது.

பாஃபிள் ஃபில்டர் 'ஃபில்த்ர் அ ஷோக்'. புகை தகடுகளில் மோதித் திரும்பும்போது எண்ணெய் பிரிந்து கீழே வடிகிறது, பெயரும் அந்த மோதலைத்தான் சொல்கிறது. மேக்-அப் ஏர் 'ஏர் த கொம்பான்சாசியோன்'. சரி, இவை சுலபம்.

டாம்பர்தான் படுத்தி எடுத்தது. பிரான்ஸில் காற்றைக் கூட்டிக் குறைப்பது 'ரெஜிஸ்த்ர்', தீயை மறிப்பது 'கிளாப்பே கூப்-ஃபெ', காற்று திரும்பி வராமல் தடுப்பது 'கிளாப்பே ஆன்ட்டி-ரத்தூர்'. எந்த டாம்பர் என்று வரைபடத்தைப் பார்க்காமல் அந்தச் சொல்லைத் தொடவே கூடாது.

அப்புறம் காற்றோட்ட அளவின் அலகு. பிரான்ஸுக்கான பிரதியில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்பதைச் சுமார் 1.7-ஆல் பெருக்கி, மணிக்குக் கன மீட்டராக்கிவிட்டேன்.