லயத்தில் ஒரு டிராகனை எப்படி ஒளிப்பது?

தேயிலைப்பூ:
பத்து வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு மாயக்கதை எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர்களின் காம்பிராக்கள் சுவரொட்டி வரிசையாய் நிற்கும் லயம், அங்கே கசின்ஸ் மூன்று பேர் ஒரு டிராகன் குட்டியைக் கண்டெடுத்து யாருக்கும் தெரியாமல் காப்பாற்றுகிறார்கள். பாதி எழுதி மகளுக்கு வாசித்தேன், முதல் கேள்வியிலேயே கதை படுத்துவிட்டது. "பக்கத்து காம்பிராவுல கருவாடு பொரிச்சாலே லயத்துக்கே தெரியும், நெருப்பு விடுற ஒன்ன எப்பிடிம்மா ஒளிப்பாங்க?" பேசாமல் எல்லவில் இருக்கும் இராவணன் குகைக்கு அனுப்பிவிடலாமா?

பழைய ஸ்டோர்:
குகை வேண்டாம், அங்கே நாள் முழுக்க ஆள் நடமாட்டம். ஹட்டன் பிள்ளைகள் அதற்குச் சாப்பாடு கொடுக்க தினமும் ரயிலேறி எல்லவுக்கா போவார்கள்? ஸ்டோரில், அதுதான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வையுங்கள். அப்பா டிரையரில் வேலை செய்தவர் என்பதால் சொல்கிறேன், கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, கடைசியில் சூட்டுக் காற்றில்தான் காய வைப்பார்கள், அந்தச் சூட்டுக்கு ராவெல்லாம் விறகு எரியும். ஸ்டோர் புகைபோக்கியில் புகை வந்தால் யார் ஏனென்று கேட்பார்கள்? அடுப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு குட்டி ஊதினால் விறகு மிஞ்சும், ஸ்டோரைக் கவனிக்கும் டீமேக்கர் கணக்கைத் திருப்பித் திருப்பிக் கூட்டிப் பார்த்து மண்டை காயட்டும். அப்புறம் ரோதைமுனியை மறந்துவிடாதீர்கள். மெஷினில் கைகால் மாட்டக்கூடாதென்று கும்பிடும் சாமி. முனிக்கு வைத்த படையல் விடிவதற்குள் காணாமல் போனால் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாம் காம்பிரா:
நல்ல யோசனை. ஆனால் எனக்கு உறுத்துவது அந்தக் 'கசின்ஸ்'. நம் வீட்டில் அப்படி ஒரு உறவு ஏது? சித்தப்பா மகன் தம்பி, மாமா மகன் மச்சான், இரண்டும் ஒன்றா? தம்பியை இரண்டு சாத்து சாத்தலாம், மச்சானைக் கேலிதான் செய்ய முடியும். தம்பி செய்த குற்றத்துக்கும் அக்காவுக்குத்தான் ஏச்சு விழும், பள்ளிக்கூட லீவுக்கு வந்த மாமா மகளை ஒருவரும் ஏசமாட்டார்கள், விருந்தாளி. விஷயம் வெளியே வரும்போது யார் பழியை ஏற்பது, யார் தப்பிப்பது என்பதெல்லாம் இந்த உறவிலேயே இருக்கிறது. நீங்கள் எல்லாரையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டீர்கள்.

மூடுபனி:
டிராகன் எப்படி இருக்கும்? படங்களில் வருவதுபோல என்றால் சலிப்பு. ஹோட்டன் சமவெளியில், 2000 மீற்றருக்கும் மேலே, மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான் உண்டு, இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆணுக்குத்தான் கொம்பு பெரிது. அதைப் பத்து மடங்காக்கிச் சிறகு ஒட்டினால் நம் மலையின் டிராகன். பிறகு, யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள்? மந்திரவாதி வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது, மீட்டுச் சிகிச்சை கொடுத்தும் பிழைக்கவில்லை. பன்றிக்கென்று கட்டும் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியுமா? டிராகனும் ஒரு ராத்திரி கிழங்குத் தோட்டப் பக்கம் இறங்கட்டும்.

தேயிலைப்பூ:
ஐயோ, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதே. சுருக்குக் கட்டியவர் மாமாவேதான் என்று வைத்துவிட்டேன், கெட்டவர் இல்லை, பாவம், போன போகம் கிழங்கெல்லாம் பன்றி தோண்டிவிட்டது. நேற்று மகளுக்கு இதைச் சொன்னால், "அப்ப மாமா மக யார் பக்கம் நிப்பா?" என்கிறாள். அதைத்தான் இன்று ராத்திரி எழுத வேண்டும். பழைய ஸ்டோர், ஒரு சந்தேகம், அடுப்புப் பக்கம் ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர்தான் என்றால் அவரைத் தூங்க வைத்துவிடுவேன்.