பொருள்: லாமினேட் – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி:
வணக்கம் நண்பர்களே. தச்சுப் பயிற்சி வகுப்புக்குக் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சமையல் மேடைப் பலகையில் லாமினேட் என்னும் மெல்லிய தகட்டை ஒட்டும் பாடம். வெட்டுவது, பசை தடவுவது, ஓரம் சீவுவது எல்லாம் முடிந்தது. தலைப்புதான் பாக்கி. "ஒட்டுத்தகடு" போதுமா?

தேவகோட்டை:
கையேடு எழுதுகிறவருக்கு ஏடு மறந்ததா? பாலேடு எப்படி? மெல்லியதாய் மேலே படிகிறது. இதுவும் ரெசினில் ஊறிய தாள்களை அடுக்கிச் சூட்டில் அழுத்தியதுதானே. "அடுக்கேடு."

கானாடுகாத்தான்:
ஏடு வழவழ என்கிறது ஐயா, உறுதி இல்லை. தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள். புறத்தே வயிரித்தது புல், அகத்தே வயிரித்தது மரம். பனையே புல்தான்! ப்ளைவுட்டுக்கு வயிரம் வெளியிலிருந்து வருகிறது. காழ் என்றால் வயிரம், அதாவது கடினமான பகுதி. எனவே "புறக்காழ்".

தேவகோட்டை:
அப்போ எங்கள் அப்பத்தா வீட்டு பர்மா தேக்குத் தூண் மரம், இவர் மேடை புல்லா? மாடு மேயுமே.

புதுவயல்:
நான் பட்டறைக்காரன். எங்க பயலுக மைக்காம்பானுக. அவ்வளவுதான்.

காரைக்குடி:
அண்ணே, மைக்கா என்றால் காக்காப்பொன் என்னும் கனிமம். இதில் அது துளியும் இல்லை. 1912-ல் அமெரிக்காவில் மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக வந்தது. "ஃபார் மைக்கா", அதுதான் ஃபார்மைக்கா. பதிலுக்கு வந்தவன் பேரையே எடுத்துக்கொண்டான்.

கானாடுகாத்தான்:
காக்காப்பொன்னில் காக்கை எப்படி வந்தது என்று தனி இழை தொடங்கலாமா?

புதுவயல்:
தொடங்காதீக! பயலுகளுக்கு வேற பேரு வேணும். சுத்தி 6 மி.மீ. கூடுதலா விட்டு வெட்டுறோமே, அந்த மிச்சத்துக்கு. ரெண்டு பக்கமும் பசை தடவி, விரல்ல ஒட்டாத அளவு காயவிட்டுத்தான் வைக்கணும். பட்டுச்சுன்னா நகட்ட முடியாது. அதான் இடையில குச்சி அடுக்கி, நடுவுலேர்ந்து ஒண்ணொண்ணா உருவுறது. ஒருதடவை குச்சி இல்லாம வச்சேன், கோணிப்போச்சு. உரிச்சேன், மூலை படக்குன்னு ஒடிஞ்சுச்சு. அந்த மிச்சம் இருந்தாத்தான் சின்னக் கோணல் தப்பும்.

தேவகோட்டை:
சுவரைத் தாண்டி நீளும் கூரையோரம் இறவாரம். இதுவும் இறவாரம்தான்.

புதுவயல்:
இறவாரத்தை யாரு அறுத்து எறியுறா?

காரைக்குடி:
நேரமாகிவிட்டது. தலைப்பு "மைக்கா ஒட்டுதல்". உள்ளே ஒருமுறை "அடுக்கேடு". மிச்சம் "மிச்ச ஓரம்". மூவர் சரி என்கிறோம். அரத்தை மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள், எதிர்த்திசையில் போனால் விளிம்பு பேர்ந்துவிடும் என்றும் சேர்த்துவிட்டேன்.

கானாடுகாத்தான்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எனக்கு வரும் பிரதியில் பேனாவால் அடித்துப் "புறக்காழ்" என்றுதான் எழுதுவேன். மொத்தம் எத்தனை பிரதி அடிக்கிறீர்கள்?