ரீனோகிராம்: 'சிறுநீரகச் செயல்வரைவு' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கதிரியக்க மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை ரீனோகிராம். அதற்குத் தமிழ்ப் பெயராக நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சிறுநீரக அணுவருடல், சிறுநீரகக் குருதியோட்டப் படம், சிறுநீரக வரைவி. நான்காவதாக 'சிறுநீரகச் செயல்வரைவு' என்பதை முன்வைக்கிறேன்.

எங்கள் தருமபுரிப் பக்கம் 'கிட்னி ஸ்கேன்' என்றால் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் அல்ட்ராசவுண்டுதான். ரீனோகிராமையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். பென்னாகரத்து அக்கா ஒருவர், தன் பையனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, “போன வாரந்தான் கிட்னி ஸ்கேன் எடுத்தோம், மறுபடியும் எதுக்குங்க?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்காகச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போனால் அன்றைய கூலியும் போய்விடும். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, கல் இருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டு காட்டும். வீங்கிய சிறுநீரகம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது, அதிலிருந்து சிறுநீர் தடையில்லாமல் இறங்குகிறதா என்பதற்கு ரீனோகிராம் வேண்டும். பெயரைக் கேட்டதுமே இது வேலையை அளக்கும் சோதனை என்று அந்த அக்காவுக்குப் புரிய வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

> சிறுநீரகத்துக்குப் பாயும் இரத்தத்தை அளப்பதால் 'குருதியோட்டப் படம்' பொருத்தம்.

ஐயா, இரத்த ஓட்டம் இதில் முதல் கட்டம் மட்டுமே. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தைக் கை நரம்பில் செலுத்தியதும், மருந்திலிருந்து வரும் கதிர்களைப் பிடிக்கும் காமா கேமரா முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குகிறது. பெருந்தமனியில் மருந்து தெரிந்த சில நொடிகளில் சிறுநீரகத்திலும் தெரிய வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இந்த முதல் நிமிடம் மிக முக்கியம். அப்புறம் மருந்தைச் சிறுநீரகம் இழுத்துக்கொள்ளும் கட்டம். நன்றாக இருக்கும் சிறுநீரகத்தில் மருந்தின் அளவைக் காட்டும் கோடு 3 முதல் 5 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுவிடும். கடைசியாக, மருந்து சிறுநீரோடு இறங்கும் கட்டம்.

இந்த மூன்றுக்கும் வரத்து, பிடிப்பு, வடிப்பு என்று வைக்கலாம். வரத்து நன்றாக இருந்தும் மதகு அடைத்துக்கொண்டால் ஏரி என்ன ஆகும் என்று எங்கள் ஊர் விவசாயிக்குத் தெரியும். இறங்காமல் மேலேயே நிற்கும் கோட்டையும் அவர் அதே கண்ணால் படித்துவிடுவார்.

கோடு இறங்கத் தயங்கினால் சிறுநீரை அதிகம் பிரிக்கவைக்கும் லாசிக்ஸ் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகு பாதி மருந்து 10 நிமிடத்துக்குள் வடிந்தால் அடைப்பில்லை, 20 நிமிடத்தைத் தாண்டினால் அடைப்பு என்று கொள்வது பொது வழக்கம். இடைப்பட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் இது 'டி ஹாஃப்' என்று வருகிறது. இதை 'அரை ஆயுள்' என்று தமிழாக்கவே கூடாது. டெக்னீசியத்துக்கே 6 மணி நேர அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) இருப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும். 'பாதி வடியும் நேரம்' என்று வெளிப்படையாக எழுதலாம்.

இதைவிடக் கவனமாகத் தமிழாக்க வேண்டியது, ஒவ்வொரு பக்கமும் எத்தனை சதவீதம் என்று வரும் எண். இடது 18, வலது 82 என்று பார்த்ததும், இடது கிட்னி 18 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது, இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையில் அந்தப் பக்கத்தின் பங்கு. இரண்டும் சம அளவில் கெட்டுப்போயிருந்தாலும் 50–50 என்றுதான் வரும். அதனால் இந்த எண்ணுக்கு 'பிரிநிலைத் திறன்' என்ற பெயர் வேண்டாம். 'இடப்பங்கு', 'வலப்பங்கு' என்றால் போதும்.

'வரைவி' என்பது கருவியின் பெயர்போல ஒலிக்கிறது. நமக்கு வேண்டியது கருவி வரைந்து தருவதன் பெயர், எனவே 'வரைவு'. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1950-களில் இந்தச் சோதனை தொடங்கியபோது அயோடின்-131 சேர்த்த மருந்தைக் கொடுத்து, இரண்டு சிறுநீரகங்களுக்கும் நேராக உணர்கருவிகளை வைத்தார்கள். கிடைத்தது தாளில் இரண்டு கோடுகள், படமே கிடையாது. இன்றும் மருத்துவர் அந்தக் கோடுகளைத்தான் உற்றுப் பார்க்கிறார்.

'அணு' துறையின் பெயரில் இருக்கட்டும்: அணு மருத்துவம். சோதனையின் பெயரில் வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீரையே குடித்த ஊர்கள் எங்களுடையவை. உடம்பில் சேரும் ஃப்ளோரைடைப் பெருமளவு வெளியேற்றுவது சிறுநீரகம்தான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, கிட்னி என்றாலே இங்கே பயம். அதோடு அணுவும் சேர்ந்தால் பாதிப் பேர் வண்டி ஏற மாட்டார்கள். மறைக்கச் சொல்லவில்லை. கதிரியக்க மருந்து கொடுக்கிறோம், கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லுங்கள், முடிந்ததும் தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள் என்று தகவல் தாளில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

> பேசாமல் நம் பழைய சொல் 'குண்டிக்காய்' இருக்கிறதே?

கறிக்கடையில் இன்றும் உயிரோடு இருக்கும் நல்ல சொல்தான். ஆனால் டாக்டர் முன்னால் அதைச் சொல்லப் பெண்கள் கூசுவார்கள்.

டிஎம்எஸ்ஏ என்ற வேறொரு மருந்தைக் கொடுத்து எடுக்கும் ஸ்கேனை இந்தப் பெயருக்குள் சேர்க்க வேண்டாம். அந்த மருந்து சிறுநீரகத்தின் புறணியில், அதாவது வெளிப்புறப் பகுதியில், ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுக்கும் நிலைப்படத்தில் தழும்புகள் தெரியும். அது 'சிறுநீரகப் புறணிப்படம்'.

எனக்கு உறுத்தும் இடம் ஒன்றுண்டு. சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதைச் சொல்லும் ஜிஎஃப்ஆர் என்ற அளவுக்கு 'வடிகட்டல் வீதம்' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் டிடிபிஏ என்ற மருந்தை வைத்து அதையும் இதே சோதனையில் கணக்கிடுகிறார்கள். ஒரே தாளில் 'வடிப்பு' ஒன்றும் 'வடிகட்டல்' ஒன்றும் வந்தால் படிப்பவர் தடுமாறுவாரா? தடுமாறுவார் என்றால் மூன்றாம் கட்டத்தை 'இறக்கம்' என்று மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரகப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.