நம்பிச் சொன்னது ஜெபக்குறிப்பாகிவிட்டது, இனி எப்படிப் பழகுவது?

மாலைமழை:
சபையில் எனக்கு நெருக்கமான அக்கா ஒருவர். என் மகன் என்னோடு பேசுவதில்லை என்பதை அவரிடம் மட்டும்தான் அழுது சொன்னேன். அடுத்த வாரம் ஜெபக்குழுவில், "பெற்ற பிள்ளை முகம் கொடுத்துப் பேசாத ஒரு தாய்க்காக மன்றாடுகிறோம் ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபித்துவிட்டார். பெயர் சொல்லவில்லை, ஆனால் இருப்பதே எட்டுப் பேர், அதில் வளர்ந்த மகன் இருப்பது எனக்கு மட்டும்தான். ஆமென் சொல்லி நிமிர்ந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அன்றிலிருந்து குழுவுக்குப் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அவர் போன் வந்தால் எடுக்கக் கை வரவில்லை. பாஸ்டரிடம் சொல்லலாமா?

திராட்சைக்கொடி:
சகோதரி, முதலில் அந்த அக்காவிடமே பேசுங்கள். மத்தேயு சுவிசேஷம் 18:15இல் இயேசு சொல்வது அதுதான், தனியாகப் போய்ப் பேசு, அதற்கப்புறம்தான் ஒன்றிரண்டு பேர், கடைசியில்தான் சபை. நான் ஒருமுறை இந்த வரிசையை மாற்றி நேராகப் பாஸ்டரிடம் போனேன், அவர் அந்த ஞாயிறு பிரசங்கத்திலேயே ஜாடையாகப் பேசிவிட்டார், அந்தக் குடும்பம் சபையை விட்டே போய்விட்டது. பத்து நிமிடம் நேரில் பேசியிருந்தால் முடிந்திருக்கும். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

உப்பும்ஒளியும்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று, இதை எல்லாவற்றுக்கும் பொருத்தாதீர்கள். அடி உதை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் "தனியாகப் போய்ப் பேசு" என்று பாதிக்கப்பட்டவரையே திருப்பி அனுப்புவது கொடுமை, உடனே வெளியே சொல்லி உதவி கேட்க வேண்டும். சிறியரில் ஒருவரை இடறச் செய்பவனைப் பற்றி இயேசு அவ்வளவு கடுமையாகப் பேசுவதும் அதே 18ஆம் அதிகாரத்தில்தான்.

உங்கள் விஷயம் அப்படியல்ல. அப்புறம், மன்னிப்பது வேறு, பழையபடி நம்புவது வேறு. இன்றே மன்னிக்கலாம், அடுத்த ரகசியத்தைச் சொல்லக் கொஞ்ச காலம் எடுத்துக்கொள்ளலாம், அதில் பாவம் எதுவும் இல்லை.

சாந்தகுணம்:
பிலிப்பி சபையில் இருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்ற பெண்கள் இருவரும் சுவிசேஷத்துக்காக அப்போஸ்தலன் பவுலோடு பாடுபட்டவர்கள், அவர்களுக்கே மனஸ்தாபம் வந்தது (பிலிப்பியர் 4). பவுல் யார் பக்கம் தப்பு என்று எழுதவே இல்லை, ஒரே சிந்தையாயிருங்கள் என்று இருவருக்கும் புத்தி சொல்லி, கூட இருப்பவரிடம் அவர்களுக்கு உதவச் சொன்னார். எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: யாராவது மனம் திறந்தால், "இதைக் குழுவில் ஜெபிக்கலாமா, என்னோடு இருக்கட்டுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுவோம்.

மாலைமழை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் அக்காவைப் பிடித்துச் சொல்லிவிட்டேன், குரல் நடுங்கியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடி ஜெபித்ததால் மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்ததே அவருக்குத் தெரியவில்லையாம், நான் ஏன் வருவதில்லை என்று இத்தனை நாளும் புரியாமல் தவித்திருக்கிறார். இருவரும் அழுதோம். குழுவுக்கு இந்த வாரம் போவேனா தெரியாது. காலையில் போன் செய்தார், எடுத்தேன்.