புதுப்பிப்பு: உருகிய உப்பில் ஊறவைத்தும் கண்ணாடி வலுப்பெறவில்லை – காரணம் கிடைத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்காக: வலுவாக்குவதற்காக 1 மி.மீ. சோடா-லைம் (சாதாரண ஜன்னல் வகை) கண்ணாடித் தகட்டை உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில் 480 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தேன். பிறகு பட்டைகளாக வெட்டி வளைத்துப் பார்த்தால், சாதாரணக் கண்ணாடி உடையும் பாரத்திலேயே உடைந்தது.

பலர் உப்பின் தூய்மையைச் சந்தேகித்தீர்கள். புது உப்பு வாங்கியும் பலனில்லை. உண்மையான குற்றவாளி, ஊறவைத்த பிறகு நான் வெட்டியதுதான்! "முதலில் வெட்டு, விளிம்பைத் தேய், அப்புறம் ஊறவை" என்றவர் சொன்னதே சரி. சோடியம் அயனியின் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனி நெருக்கியடித்து உட்காருவதால்தான் மேற்பரப்பில் அமுக்கம் உண்டாகிறது; அதுதான் விரிசல் திறக்காமல் தடுக்கிறது. அந்த அடுக்கு சுமார் பத்து, இருபது மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) ஆழம்தான். பின்னால் வெட்டினால் புது விளிம்புக்கு அந்தப் பாதுகாப்பே கிடையாது. விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

வெப்பத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்கும் பாதிப் பங்கு உண்டு. சூடு அதிகமானால் அயனிகள் வேகமாக நுழையும், ஆனால் உண்டான அமுக்கம் தளர்ந்துவிடும். இப்போது 430 டிகிரி, 16 மணி நேரம். பட்டைகள் முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகின்றன.

எதிர்பாராத ஒன்று: பட்டைகள் லேசாக வளைந்து வெளிவந்தன. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தயாரிக்கும் மிதவைக் கண்ணாடியில், அந்த வெள்ளீயத்தைத் தொட்ட பக்கம் குறைவாகவே அயனி மாற்றிக்கொள்கிறது; மறுபக்கம் அதிகம் விரிந்து புடைக்கிறது. மெல்லிய தகடு வாங்குபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சூடு செய்யாமல் இறக்கிய ஒரு பட்டை உடனே விரிசல் விட்டது, அது என் அவசரம். இன்னொன்று: இந்த உப்பு எரிதலைத் தூண்டும். எண்ணெய், காகிதம், மரம் எதுவும் உலைப் பக்கம் வேண்டாம்.