புதுப்பிப்பு: டர்போ மேனுவல் செடான், முடிவு எடுத்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: நாலு பேர் குடும்பத்துக்கு வோக்ஸ்வாகன் விர்டுஸ் 1.0 டர்போ காரில் கியரை நாமே மாற்றுகிற மேனுவல் சரிவருமா, இல்லை ஆட்டோமேட்டிக்கே எடுக்கலாமா என்று. பலர் ஆட்டோமேட்டிக் என்றீர்கள். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மேனுவலையே புக் செய்துவிட்டேன்.

முதல் தடவை நான் மட்டும், அவிநாசி சாலையில். அது போதவில்லை. இரண்டாம் தடவை அப்பா, அம்மா, மனைவி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மருதமலை ஏற்றத்துக்குப் போனேன். வாங்குகிற யாரும் ஆள் நிறைய ஏற்றித்தான் ஓட்டிப் பார்க்கணும். என்ஜின் சிறியது, 999 சிசி, மூன்று சிலிண்டர்தான். ஆனால் 178 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் வலு, என்ஜின் நிமிடத்துக்கு 1,750 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. அதற்குக் கீழே, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி வலுக்கூட்டும் டர்போ இன்னும் விழித்திருக்காது. வளைவில் மூன்றாவது கியரிலேயே விட்டபோது வண்டி திணறியது. இரண்டுக்கு மாற்றியதும் முதுகை சீட்டோடு அழுத்தி ஏறியது. சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதித்ததில் இடது கால் கொஞ்சம் வலித்தது உண்மை. ஆனால் எங்கள் ஓட்டம் பெரும்பாலும் சேலம், மதுரை என்று நெடுஞ்சாலைதான்.

எனக்கு இருந்த பெரிய கவலை அப்பாவின் முட்டி. செடான் சீட் தாழ்வாச்சே. கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே எடுத்து வைத்தார். இறங்கும்போது மட்டும் கை கொடுக்க வேண்டியிருந்தது. "பரவால்லப்பா, பழகிடும்" என்றார்.

521 லிட்டர் டிக்கி, குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம், இவையும் சேர்ந்துகொண்டன. வண்டி வந்ததும் மைலேஜ் எழுதுகிறேன்.