லைன் வேலை மாறிக்கொண்டே போகிறது, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஸ்டேகம்பி:
மின் விநியோகத்தில் களத்தில் நிற்பவர்களிடம்தான் கேட்கிறேன். நான் சேர்ந்தபோது போன ஃபியூஸைப் போடுவது, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவது, அவ்வளவுதான் வேலை. இப்போது கூரைக்குக் கூரை சோலார், தெருவுக்குத் தெரு மின்வாகன சார்ஜர், போதாததற்குக் கையில் ஒரு டேப்லெட். பயிற்சி என்று கூப்பிட்டு அரைநாள் ஸ்லைடு காட்டி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் எதை முதலில் மாற்றிக்கொண்டீர்கள்?

எர்த்ராடு:
சோலார் வந்த பிறகு மாற்றியதுதான் முதல். முன்பெல்லாம் ஃபீடரை (துணைமின்நிலையத்திலிருந்து வரும் லைனை) ஆஃப் செய்து லைன் கிளியர், அதாவது வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்கிவிட்டால் பாதி நிம்மதி. இப்போது நுகர்வோர் பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரலாம். கிரிட் போன 2 நொடிக்குள் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும் என்பது ஐஇஇஇ (மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) 1547 தரநிலை, ஒழுங்கான இன்வெர்ட்டர் நிற்கவும் செய்யும். ஆனால் லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் யாரோ ஒரு புண்ணியவான் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சொருகினால்? அது டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியே வரும். அதனால் முதலில் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று டிடெக்டர் வைத்துப் பார்ப்போம் (டிடெக்டரே வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பும் பின்பும் சோதித்து), அப்புறம் வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்டுவிட்டுத்தான் கை வைப்போம். மேலிடத்திலிருந்து எத்தனை போன் வந்தாலும் சரி.

நைட்ஷிஃப்ட்:
எங்களுக்கு லோடுதான் தலைவலி. நள்ளிரவில் டிரான்ஸ்ஃபார்மர் ஆறிவிடும் என்று நம்பித்தான் பழைய கணக்கெல்லாம் போட்டிருந்தார்கள். ஒரு 7 கிலோவாட் சார்ஜர் ஓடினால் நான்கைந்து ஏசி ஒன்றாக ஓடுகிற மாதிரி, அதுவும் மணிக்கணக்கில். இரவுக் கட்டணம் குறையும் நேரம் பார்த்து ஒரே தெருவில் எல்லோரும் ஆன் செய்தால் அது எப்போது ஆறும்? சூடு 6 டிகிரி கூடினாலே உள்ளே இருக்கிற சாதாரண காப்புத்தாளின் ஆயுள் பாதியாகிவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடிக்கம்பி போட்டுவிட்டு வருகிற பழக்கத்தை விட்டாயிற்று. டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவியை) வைத்து மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பார்த்து, ஒன்றில் மட்டும் குவிந்திருந்தால் சில இணைப்புகளை வேறு ஃபேஸுக்கு மாற்றுகிறோம்.

ஸ்டேகம்பி:
சரி, டேப்லெட்? எங்களிடம் ஓய்வு நெருங்கிய அண்ணன் ஒருவர் இருக்கிறார், இருட்டிலும் பழுது எங்கே என்று சொல்லிவிடுவார், படிவம் நிரப்பச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடுகிறது.

எர்த்ராடு:
அவரை இளையவர் ஒருவருடன் ஜோடி சேருங்கள். பல ஸ்மார்ட் மீட்டர்கள் கரண்ட் போகும்போது கடைசியாக ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் அணையும், அதை வைத்து ஒரு வீடா முழு டிரான்ஸ்ஃபார்மரா என்று கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். இளையவர் அதைப் படிக்கட்டும், எந்தக் கிளை கம்பியில் உரசும் என்று அண்ணன் சொல்லட்டும்.

நைட்ஷிஃப்ட்:
அந்தப் படிவத்தை வடிவமைத்தவரை ஒரு மழை நாளில் கம்பத்தடிக்குக் கூட்டி வந்து, ரப்பர் கையுறையோடு பதினெட்டுக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் பிரிவில் அப்படித்தான் பாதிக் கட்டங்கள் காணாமல் போயின.